மேற்கு ஜன்னலில் ஒரு காற்றாலை

காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று தெரிந்துகொள்ள அட்டையையும் குண்டூசியையும் வைத்து ஒரு கருவி செய்யச் சொல்கிறது அறிவியல் புத்தகம். திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் அதற்கு அவசியமே இல்லை. மீன் வாடை அடித்தால் காசிமேட்டுப் பக்கமிருந்து தெற்குக் காற்று. உடம்பெல்லாம் உப்புப் பிசுபிசுத்தால் கடல் காற்று. அழுகிய முட்டையைப் பெட்ரோலில் போட்டுக் கொதிக்கவைத்தது மாதிரி ஒன்று வந்தால் மேற்குக் காற்று, மணலியிலிருந்து. "நகரும் வாயுவே காற்று" என்று நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சில் ஒருத்தன் எழுந்து, "மேக்கால காத்து வந்துச்சு மிஸ், மூடிடறேன்" என்று ஜன்னலை இழுத்துச் சாத்திவிடுவான்.

நானும் இந்தக் காற்றில் வளர்ந்தவள்தான். என் அப்பா மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். அந்த நாற்றம்தான் எங்களுக்குச் சோறு போட்டது என்பதால் வீட்டில் யாரும் அதைத் திட்டமாட்டோம். ஜன்னலைச் சாத்திக்கொள்வோம், அவ்வளவுதான். கல்யாணமாகிக் கொஞ்ச காலம் கழித்துக் கொளத்தூரில் பிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். அங்கே காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னல்களைத் திறந்துவிடுவேன். திறப்பது எவ்வளவு சீக்கிரம் பழகிப்போகிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை. இந்த வருடம் நடந்தது எல்லாம் அந்தப் பழக்கத்தால் வந்த வினை.

அறிவியல் கண்காட்சி என்றால் எங்கள் பள்ளியில் தெர்மகோல் எரிமலை, தெர்மகோல் இதயம், தெர்மகோல் சூரியக் குடும்பம். எனக்குத் தெர்மகோலைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பள்ளி திறந்ததுமே எட்டாம் வகுப்பில் சொல்லிவிட்டேன்: காற்றாலை செய்யப்போகிறோம், சும்மா சுற்றினால் போதாது, விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் அது பொம்மை, பொம்மையைத் தூக்கிக்கொண்டு நான் எங்கேயும் வரமாட்டேன்.

முதலில் பொம்மைக் கார் மோட்டார்களை வைத்துப் பார்த்தோம். மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுற்றும், அதையே நாம் சுற்றினால் மின்சாரம் கொடுக்கும் என்று பிள்ளைகளை நம்பவைக்கவே ஒரு பீரியட் போயிற்று. நம்பிய பிறகும் விளக்கு எரியவில்லை. அந்தக் குட்டி மோட்டார் பேய் வேகத்தில் சுற்றினால்தான் ஏதாவது தரும். டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்தும் விளக்கு கண்ணைத் திறக்கவில்லை. பிறகு மூர் மார்க்கெட் பக்கம் அலைந்து, பழைய பிரிண்டர்களிலிருந்து கழற்றிய மோட்டார்கள் சிலவற்றை வாங்கி வந்தேன். அவை மெதுவாகச் சுற்றினாலும் மின்சாரம் தரும். மேஜையில் வைத்து அச்சை விரலால் ஒரு திருகு திருகியதும் சிவப்பு விளக்கு பளிச்சென்று மின்னியது. வகுப்பே போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப்பார்த்து முறைத்துவிட்டுப் போனார்.

கூச்சல் போடாதவள் ஒருத்திதான். மூன்றாவது பெஞ்சுக்காரி. அவள் அம்மா காசிமேட்டில் மீன் வாங்கி விற்கிறவர், அப்பா விசைப்படகில் போனால் நாள்கணக்கில் கரைக்கு வரமாட்டார். அம்மாவுக்கு ஒத்தாசையாக விடிகாலையிலேயே எழுந்துவிடுவதால் என் வகுப்பில் பாதி நேரம் தூங்கி விழுவாள், நானும் சாக்பீஸை எறிந்து எழுப்புவேன். அன்று அவள் எழுந்து வந்து மோட்டாரை வாங்கித் தானே திருகிப் பார்த்தாள். இன்னும் மெதுவாக, இன்னும் மெதுவாக.

"எவ்ளோ மெதுவா சுத்துனா கூட எரியும் மிஸ்?"

பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன், இப்படிப்பட்ட கேள்வி அபூர்வம். அந்த நிமிடமே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்தவர்களை விட்டுவைக்காத சுபாவம் எனக்கு. காற்றாலையை அவள் பொறுப்பில் விட்டேன்.

பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் அறுத்து இறக்கை செய்தோம். பள்ளிச் சுற்றுச்சுவரில் தேய்த்து ஓரங்களை மெலிதாக்கினார்கள். ஆறு இறக்கை வைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று வகுப்பில் பாதிப் பேர் சத்தியம் செய்தார்கள். ஆறு வைத்ததும் சட்டென்று சுற்றத் தொடங்கியது, ஆனால் மூன்று வைத்தபோது வந்த வேகம் வரவில்லை. இறக்கையைக் காற்றுக்கு நேராகத் தட்டையாக வைத்தால் அசையாமல் நின்றது, கொஞ்சம் சாய்த்தால் பறந்தது. இதையெல்லாம் நான் வாயால் சொல்லவில்லை. அவர்களே மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்துச் சண்டைபோட்டுக் கண்டுபிடித்தார்கள். எனக்கு அந்த நாட்களில் தலைகால் புரியாத சந்தோஷம்.

எல்லாம் டேபிள் ஃபேன் காற்றில்தான். ஒருநாள் மூன்றாவது பெஞ்சுக்காரி ஃபேனையும் காற்றாலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஃபேனு கரண்ட்ல ஓடுது மிஸ். கரண்ட்ட போட்டு கரண்ட்ட எடுக்கறதுக்கு இன்னாத்துக்கு மிஸ் இத்தினி வேல?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அவள் கேட்டது சரி. மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆடி மாதம். கடல் காற்று பள்ளி விடும் நேரத்துக்குத்தான் எட்டிப்பார்க்கும், அதுவரை மேற்குக் காற்றுதான். சுற்றிலும் எழும்பி நிற்கிற கட்டிடங்களில் மோதி அது எங்கள் மாடியில் சுழன்று சுழன்று அடித்தது. காற்றாலை இரண்டு சுற்றுச் சுற்றும், நிற்கும், பின்பக்கமாகச் சுற்றும். விளக்கு எரிந்த பாடில்லை.

"எங்க வூட்ல வச்சி பாக்கலாமா மிஸ்?" என்றாள் அவள். "மூணாவது மாடி. காத்து வந்துச்சுன்னா ஜன்னலே தடதடன்னு ஆடும்."

அடுத்த சனிக்கிழமை முற்பகலில் காற்றாலையைத் தூக்கிக்கொண்டு போனேன். சுனாமிக்குப் பிறகு மீனவக் குடும்பங்களுக்குக் கட்டிக்கொடுத்த அடுக்கு வீடுகளில் ஒன்று. ஒரே அறை, ஓரமாக அடுப்பு. அவள் அம்மா அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்து குளித்திருந்தார். என்னைப் பார்த்ததும் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அறை இருட்டாக, வேக்காடாக இருந்தது. மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல், சாத்தியிருந்தது. அதில் ஒரு சட்டத்துக்குக் கண்ணாடி இல்லை, அந்த இடத்தில் பழைய லுங்கி ஒன்றை மடித்து, நனைத்துத் திணித்திருந்தார்கள்.

அது என்ன என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான் அப்பாவின் பழைய வேட்டியைத் தண்ணீரில் முக்கி இடுக்குகளில் திணிப்பார். ஈரத்தில் நாற்றமும் புகையும் கொஞ்சம் மட்டுப்படும் என்று இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோரும் செய்வது. தெரிந்திருந்தும், அந்த உடைந்த சட்டம் நம் காற்றாலைக்கு அளவெடுத்தது மாதிரி இருக்கிறதே என்றுதான் என் புத்தி ஓடியது. எதிரே இரண்டு கட்டிடங்கள், நடுவில் குறுகலான சந்து, அந்தச் சந்து வழியாகக் காற்று நேராக இந்த ஜன்னலுக்கு வருகிறது. இதைவிட இடம் கிடைக்காது. எட்டி அந்தத் துணியை உருவினேன்.

"அது கெடக்கட்டும் டீச்சர், மேக்கால காத்து..." என்றார் அம்மா.

"காத்துதானம்மா வேணும்! வரட்டும்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆமா இல்ல" என்று துணியை என் கையிலிருந்து வாங்கிக் கொடியில் போட்டார்.

நாற்றம் குபுகுபுவென்று உள்ளே வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த நாத்தத்துக்கு ஒரு லைட்டாவது எரியட்டும்" என்று நான் ஜோக்கடித்தேன். மூவரும் சிரித்தோம். காற்றாலையின் மரச்சட்டத்தை ஜன்னல் கம்பியோடு சேர்த்து வலைக்கயிற்றால் கட்டினாள் அந்தப் பெண். என் முடிச்சைப் பார்த்துவிட்டு மரியாதையாக அவிழ்த்துத் தானே கட்டினாள். கையை எடுத்ததும் இறக்கைகள் விர்ரென்று பிடித்துக்கொண்டன. விளக்கு எரிந்தது. மின்னவில்லை, நின்று எரிந்தது. இருட்டு அறையில் அவள் முகம் சிவப்பாகத் தெரிந்தது. அவள் அம்மா மகளின் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் நெட்டி முறித்தார்.

நான் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினேன். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் தெர்மகோல்காரர்கள் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்ற வெறி. பிடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் இருமல் சத்தம். நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி இருமல்.

"கொஞ்சம் இருமாம இருங்கம்மா, சத்தம் விழுது" என்றேன்.

அவர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த தடவை வீடியோ சுத்தமாக வந்தது. இறக்கை சுற்றும் சத்தம் மட்டும். அன்று மாலைக்குள் குழுவில் கைதட்டல் படங்கள் குவிந்தன. தலைமை ஆசிரியை காலை வணக்கக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். நானும் பணிவாக இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். தினமும் விடியற்காலையிலும் சாயங்காலமும் நான் கொடுத்த வோல்ட் மீட்டரில் அளவு எடுக்க வேண்டும், ஒரு வேளைகூட விடக்கூடாது, காற்றாலையை இடம் மாற்றவே கூடாது. மாற்றினால் எல்லாம் கெட்டுப்போகும். அவள் ஒருநாள்கூட விடவில்லை. "விடிகாலைல செமயா ஏறுது மிஸ்" என்று வந்து சொல்வாள். ஆடி மாதத்தில் ராத்திரியெல்லாம் தரைக்காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். ஏறாமல் என்ன செய்யும்?

ஒருநாள் அளவைச் சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அம்மா தூங்கவே மாட்டேங்குது மிஸ். ராத்திரில எயுந்து ஒக்காந்துகினே கீது."

வேறு வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிரக்கூட இல்லை. "லைட்டு வெளிச்சம் கண்ணுல படுதோ என்னமோ. ராத்திரில மேல ஒரு துணி போட்டு மறைச்சிடு" என்றேன்.

சரி மிஸ் என்று போய்விட்டாள். ஜன்னலில் திணித்திருக்க வேண்டிய துணியை விளக்கின் மேல் போடச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, கண்காட்சி நெருங்குகிற நேரத்தில் இதென்ன பொறுப்பில்லாத்தனம் என்று. வகுப்பில் கேட்டேன். அவள் வீடு இருக்கும் அதே மாடியில் குடியிருக்கும் இன்னொரு மாணவி எழுந்து சொன்னாள்: "அவங்க அம்மாக்கு இழுப்பு மிஸ். மூச்சே வரல. ஆட்டோல இட்டுனு போயி ஆஸ்பத்திரில சேத்துக்கீறாங்க."

இழுப்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே அந்த இருமல் ஞாபகம் வந்துவிட்டது. முந்தானையைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு போனாரே, அது. மதியமே அனுமதி கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகத்தில் மருந்துப் புகை வரும் மாஸ்க். தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கட்டிலுக்குக் கீழே தரையில் அந்தப் பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று அவள் சொன்ன முதல் வார்த்தை: "ரெண்டு நாளா ரீடிங் எடுக்கல மிஸ்."

திட்டுவேன் என்று பயந்திருக்கிறாள். அவளை அப்படிப் பயமுறுத்தி வைத்திருப்பவள் நான்தான்.

அம்மாவுக்கு இழுப்பு முன்பே உண்டாம். அதனால்தான் மற்ற வீடுகளைவிட அந்த வீட்டில் ஜன்னல் விஷயத்தில் கறாராக இருந்திருக்கிறார்கள். அதை அவர்கள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "ஏம்மா, முடியலன்னா துணிய வச்சி அடைச்சிருக்கலாமே?" என்றேன். கேட்கும்போதே பழியை அவர் பக்கம் தள்ளுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அவர் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். "பாப்பா அடைக்கறேன்னுதான் சொல்லுச்சு டீச்சர். நாந்தான் வாணாம்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்க வூடு தேடி வந்து, கையால வச்சிட்டுப் போனது. அத்தப் போயி எப்டி நாங்க எடுக்கறது?"

அதில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் தேவலை. எங்கள் பகுதியில் டீச்சர் வீட்டுக்கு வந்தார் என்றால் அது தெருவுக்கே சேதி. டீச்சர் உட்கார்ந்த நாற்காலியில் அன்று முழுக்க யாரும் உட்காரமாட்டார்கள். டீச்சர் மாட்டிய காலண்டரை வருடம் முடிந்தாலும் கழற்றமாட்டார்கள். நானும் இங்கேதான் வளர்ந்தேன், இது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த மரியாதை எனக்கு வசதியாக இருந்தது, அதனால் யோசிக்கவில்லை.

பெண்ணைக் கூட்டிக்கொண்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். பூட்டிய அறைக்குள் காற்றாலை தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கயிற்றை அவிழ்க்கப் போனேன், அவள் முடிச்சு எனக்கு வரவில்லை.

"அவுத்து வுடு" என்றேன்.

அவள் அசையவில்லை. "கொஞ்ச நாளுதான மிஸ். கண்காச்சி முடியறவரைக்கும் அம்மா பெரீம்மா வூட்ல இருக்கட்டும். நான் மட்டும் இங்க இருந்து ரீடிங் எடுக்கறேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. வாய்வரைக்கும் 'சரி' வந்துவிட்டது. பிறகுதான் இந்தப் பிள்ளை மட்டும் இந்தக் காற்றில் கிடக்கலாமா என்று உறைத்தது. நான் மறுபடி கயிற்றோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து அவளே முடிச்சை அவிழ்த்தாள். இறக்கைகள் நின்றன, விளக்கு அணைந்தது. கொடியில் காய்ந்து விறைத்துக்கிடந்த லுங்கியை எடுத்து வாளியில் முக்கிப் பிழிந்து, அந்தச் சட்டத்தில் திணித்தேன். என் அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி மூலைகளை விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தேன். அறை பழையபடி இருட்டாயிற்று. அவள் காற்றாலையை மடியில் வைத்துக்கொண்டு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா சில நாளில் வீடு திரும்பினார், பையில் உறிஞ்சுகிற மருந்துக் குழாயோடு. மறுபடி மீன் கூடையைத் தூக்கினார். கண்காட்சியிலிருந்து விலகிவிடலாமா என்று அவளிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அதுவரை எடுத்த அளவுகளே போதுமானதாக இருந்தன. பெரிய சார்ட்டில் கோடு வரைந்தாள், சாயங்காலம் தாழ்ந்து விடியற்காலையில் உயர்கிற கோடு. அழகாக வந்திருந்தது. அந்தக் கோடு உயர்கிற இடமெல்லாம் அவள் அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்த ராத்திரிகள். எங்கள் மூவரைத் தவிர அதை அப்படிப் படிக்க யாராலும் முடியாது.

கண்காட்சி ஒரு பெரிய பள்ளியின் ஏசி அரங்கில் நடந்தது. காற்றுக்கு வழியில்லை என்பதால் எங்கள் மேஜைக்கு எதிரே ஒரு பெரிய ஸ்டாண்டு ஃபேனை வைத்துக்கொடுத்தார்கள். கரண்டைப் போட்டுக் கரண்டை எடுக்கிற வேலைக்கே திரும்பிவிட்டோம். அவள் அதைச் சொல்லிக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அம்மா நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து மேஜைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்.

நடுவர் பெரியவர், பொறுமையாகக் கேட்டார். இறக்கை ஏன் மூன்று, ஏன் இந்தச் சாய்வு, இந்த மோட்டார் எங்கே கிடைத்தது. அவள் டாண் டாணென்று பதில் சொன்னாள். சார்ட்டைப் பார்த்து அசந்துபோனார். "வீட்டுல இவ்வளவு நல்லாக் காத்து வருதா! இப்பவும் அங்க எரியுதாம்மா?"

"இல்ல சார். எடுத்துட்டோம். அம்மாக்கு அந்தக் காத்து ஒத்துக்கல."

அவர் சிரித்தார். "காத்துகூடவா ஒத்துக்காமப் போகும்?" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அது எந்தக் காற்று, அதை அந்த வீட்டுக்குள் திறந்துவிட்டது யார் என்று சொல்லியிருக்க வேண்டும். மதிப்பெண் போடுகிற பேனா அவர் கையில் இருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. மேடையில் அவளோடு என்னையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். இறங்கி வந்து மேஜையைக் காலி செய்யப் போனபோது அம்மா காற்றாலைக்குப் பின்னால், ஃபேனுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். கண் மூடியிருந்தது. தோள்கள் ஏறாமல், அலட்டிக்கொள்ளாமல், மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். முன்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா காத்து டீச்சர்! ஒரு நாத்தமும் இல்ல. இந்த மாரி காத்துன்னா ஜன்னல மூடவே வாணாம்."

அரங்கத்து ஆள் ஒருவர் வந்து, எல்லாம் முடிந்ததல்லவா என்று ஃபேனின் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"கொஞ்ச நேரம் ஓடட்டுங்க" என்றேன். அந்த அம்மாவுக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.